சைகிட்-லேர்னை முன்வைத்து: இயந்திரக் கற்றல் நூலகத்தின் சோதனைகளை அமைத்து ஓட்டும் முறை

இயந்திரக் கற்றல் நூலகத்தில் நுழையும் பிழை பெரும்பாலும் நிரலை நிறுத்துவதில்லை. சாய்வைக் (இழப்பு எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதைக்) கணக்கிடும் வரியில் ஒரு குறி மாறிப்போனாலும், தரவின் ஒவ்வொரு வரிக்கும் தரும் எடைகள் ஓரிடத்தில் விடுபட்டுப்போனாலும், நிரல் கடைசிவரை ஓடும், கெழுக்களும் (மாதிரி கற்றுக்கொண்ட எண்களும்) கிடைக்கும், துல்லியம் மட்டும் ஓரிரு சதவீதம் குறைந்திருக்கும். "தரவு அப்படித்தான் போலிருக்கிறது" என்று பயன்படுத்துபவர் நினைத்துக்கொள்வார். ஆகவே இத்தகைய நூலகத்துக்குச் சோதனை எழுதுபவர், எந்தத் தரவு வந்தாலும் எந்த விதை எண் (சமவாய்ப்பு எண்களின் தொடரைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) வந்தாலும் மாறக் கூடாதது எது என்று தேடிப் பிடித்து, அதையே சோதனையாக எழுத வேண்டும். இன்று திரையில் வந்த எண்ணை நகலெடுத்து வைத்துக்கொண்டு, நாளையும் அதே எண் வருகிறதா என்று பார்ப்பது பாதுகாப்பு ஆகாது. அந்த எண் தவறாக இருந்தால், அந்தத் தவறும் சேர்ந்தே காப்பாற்றப்படும்.

இதை விளக்குவதற்குச் சைகிட்-லேர்னை எடுத்துக்கொள்கிறேன். 2007இல் டேவிட் கூர்னப்போ கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் தொடங்கிய இந்தப் பைத்தான் நூலகம், பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பொறுப்பேற்ற பின், 2010 பிப்ரவரி 1 அன்று முதன்முதலாகப் பொதுவில் வெளியிடப்பட்டது. அதன் சோதனைகள் அனைத்தும் திறந்த மூலமாகவே கிடைப்பதால், இங்கே சொல்பவற்றை நீங்களே கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். சொந்தமாகச் சிறிய நூலகம் எழுதுபவர்களுக்கும் இந்த அமைப்பு அப்படியே பொருந்தும்.

கோப்புகளை எங்கே வைப்பது

சோதனைகளை நூலகத்துக்கு வெளியே தனிக் கோப்புறையில் குவிப்பதா, நிரலின் பக்கத்திலேயே வைப்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சைகிட்-லேர்ன் இரண்டாவது வழியில் செல்கிறது. நேர்கோட்டு மாதிரிகளுக்கான உட்தொகுப்புக்குள்ளேயே 'டெஸ்ட்ஸ்' என்ற கோப்புறை இருக்கிறது. அதற்குள் லாஜிஸ்டிக் ரெக்ரெஷனுக்கு ஒரு கோப்பு, ரிட்ஜுக்கு ஒரு கோப்பு என்று, நிரல் கோப்பின் பெயரோடு 'டெஸ்ட்' என்ற முன்னொட்டும் அடிக்கோடும் சேர்ந்த பெயரில் அவை இருக்கின்றன. நிரலை மாற்றுபவர் அதன் சோதனை எங்கே என்று தேட வேண்டியதில்லை. நூலகத்தை நிறுவும்போது சோதனைகளும் கூடவே நிறுவப்படுவதால், வழக்கத்துக்கு மாறான கணினி வைத்திருக்கும் பயனர், தன் கணினியிலேயே அவற்றை ஓட்டிப் பார்த்துவிட முடிகிறது. எண்கணித நூலகங்களைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது காரணம் ஒன்றே போதும் என்பது என் கருத்து. ஏனெனில் பிழையில் பாதி நிரலில் இருந்தால், மீதி அது ஓடும் செயலியிலும் அதன் கீழே இருக்கும் நேரியல் இயற்கணித நூலகத்திலும் இருக்கிறது.

சோதனைகளைக் கண்டுபிடித்து ஓட்டும் வேலையைப் பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட் செய்கிறது. பல சோதனைகளுக்குப் பொதுவாகத் தேவைப்படும் அமைப்புகளை 'கான்ஃப்டெஸ்ட்' என்ற கோப்பில் ஃபிக்ஸ்சர்களாக எழுதிவைத்தால், அவற்றின் பெயரைச் சோதனையின் அளவுருவாகக் குறிப்பிட்டாலே போதும். ஒரே சோதனையைப் பல தீர்வு முறைகளுக்கு ஓட்ட வேண்டுமென்றால், உள்ளே ஒரு சுழற்சி எழுதாமல் 'பாராமெட்ரைஸ்' குறியைப் பயன்படுத்துங்கள். சுழற்சியில் மூன்றாவது முறை தோற்றால் நான்காவதும் ஐந்தாவதும் ஓடவே ஓடாது. குறியைப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் தனிப் பெயரோடு தனிச் சோதனையாக ஓடும், எது தோற்றது என்பதும் அறிக்கையிலேயே தெரியும்.

சோதனைக்கான தரவு சிறியதாக இருக்கட்டும். பத்து இருபது வரிகள், இரண்டு மூன்று நெடுவரிசைகள் பெரும்பாலான சோதனைகளுக்குப் போதும். இணையத்திலிருந்து தரவை இறக்கும் சோதனைகள் தவிர்க்க முடியாதவையாக இருந்தால் அவற்றைத் தனியே குறித்துவையுங்கள். சைகிட்-லேர்னில் அத்தகைய சோதனைகள் இயல்பாக ஓடுவதில்லை, அதற்கென்று இருக்கும் சூழல் மாறியைப் (நிரலுக்கு வெளியே, இயக்குதளத்தில் வைக்கும் அமைப்பைப்) பூஜ்யமாக மாற்றினால் மட்டுமே ஓடும். யாரோ ஒருவரின் சர்வர் சற்று நேரம் முடங்கியதற்காக உங்கள் சோதனைகள் சிவப்பாவதில், அதாவது தோற்றதாகக் காட்டுவதில், எந்தப் பயனும் இல்லை.

எழுதும்போது ஓட்டும் விதம்

நூலகத்தின் மூலநிரலை கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழியாக நகலெடுத்த பின், பிப் கட்டளையின் 'எடிட்டபிள்' விருப்பத்தோடும் 'நோ பில்ட் ஐசோலேஷன்' விருப்பத்தோடும் அதை நிறுவுங்கள். சைகிட்-லேர்னில் சைத்தான் என்ற, பைத்தானை ஒத்த மொழியில் எழுதப்பட்டுத் தொகுக்கப்படும் பகுதிகள் நிறைய உண்டு. இப்படி நிறுவினால், மாற்றிய பகுதிகள் அடுத்த முறை நூலகத்தை இம்போர்ட் செய்யும்போது மீசான் என்ற தொகுப்புக் கருவி வழியாகத் தானாகவே மறுதொகுப்பு ஆகிவிடும். பழைய தொகுப்பை ஓட்டிவிட்டுப் புதிய நிரல் சரியாக இருக்கிறது என்று நம்பும் ஆபத்து இதனால் நீங்குகிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போது எல்லாச் சோதனைகளையும் ஓட்ட வேண்டாம். பைடெஸ்ட் கட்டளைக்கு ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். அதிலும் சுருக்க வேண்டுமென்றால் 'மைனஸ் கே' விருப்பத்தோடு பெயரின் ஒரு பகுதியைக் கொடுங்கள். முதல் தோல்வியிலேயே நிற்க 'மைனஸ் எக்ஸ்', கடந்த முறை தோற்றவற்றை மட்டும் மீண்டும் ஓட்ட 'லாஸ்ட் ஃபெயில்ட்', தோற்ற இடத்திலேயே பிழைதிருத்தியைத் திறக்க 'பிடிபி' ஆகிய விருப்பங்கள் அன்றாடம் கை கொடுக்கும். மாற்றத்தை அனுப்பும் முன் அந்த உட்தொகுப்பு முழுவதையும், எல்லா எஸ்டிமேட்டர்களுக்கும் (தரவிலிருந்து கற்கும் வகுப்புகளுக்கும்) பொதுவான சோதனைக் கோப்பில் உங்கள் எஸ்டிமேட்டரின் பெயர் வரும் சோதனைகளையும் ஓட்டிவிடுங்கள்.

வேகம் வேண்டுமென்று பைடெஸ்டின் எக்ஸ்டிஸ்ட் நீட்சியால் எட்டு இணைச் செயல்முறைகளைத் தொடங்கினால், எட்டு உட்கருக்கள் உள்ள கணினியில் ஒவ்வொரு செயல்முறையும் தன் பங்குக்கு எட்டு த்ரெட்களைத் (இணையாக ஓடும் இழைகளைத்) திறந்து, மொத்தம் 64 த்ரெட்கள் ஒன்றோடொன்று மோதும். சோதனைகள் முன்னைவிட மெதுவாகும். சைகிட்-லேர்னின் கான்ஃப்டெஸ்ட் கோப்பு, இணைச் செயல்முறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் த்ரெட்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. உங்கள் நூலகத்தில் அந்த ஏற்பாடு இல்லையென்றால், வேலையைத் த்ரெட்களுக்குப் பிரித்துத் தரும் ஓப்பன்-எம்பியின் த்ரெட் எண்ணிக்கைக்கான சூழல் மாறியை 1 என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

எதைச் சரிபார்ப்பது

வேலையின் சாரம் இதுதான். துல்லியம் 0.9க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதத்தான் முதலில் கை போகும். அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோசமாக உடைந்த மாதிரிகூட எளிய தரவில் 0.9ஐ எட்டிவிடும் என்பதால், அதை மட்டும் நம்பக் கூடாது. அதைவிடக் கூர்மையான சோதனைகள் பல உண்டு.

விடை முன்கூட்டியே தெரிந்த தரவு அவற்றில் எளியது. இரைச்சல் சேர்க்காமல், எக்ஸின் மூன்று மடங்கோடு இரண்டைக் கூட்டி ஒய்யை உருவாக்கினால், நேர்கோட்டு ரெக்ரெஷன் 3ஐயும் 2ஐயும் திருப்பித் தந்தே ஆக வேண்டும்.

அடுத்தது சமநிலை விதிகள். ஒரு வரிக்கு எடை 2 கொடுப்பதும் அந்த வரியை இருமுறை எழுதுவதும் ஒன்று. எடை 0 கொடுப்பதும் வரியை நீக்குவதும் ஒன்று. இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். வெட்டுத்துண்டு இல்லாத, ஒரே நெடுவரிசை கொண்ட ரிட்ஜை (கெழுக்கள் பெரிதாகாமல் கட்டுப்படுத்தும் நேர்கோட்டு ரெக்ரெஷனை) எடுத்துக்கொள்வோம், கட்டுப்பாட்டின் அளவான ஆல்ஃபா 1. எக்ஸ் 1, 2, 3. ஒய் 2, 3, 7. எடைகள் 1, 2, 0. எடையிட்ட பெருக்கற்பலன்களின் கூடுதல் 2 + 12 + 0, அதாவது 14. எடையிட்ட வர்க்கங்களின் கூடுதல் 1 + 8 + 0, அதாவது 9. அதனோடு ஆல்ஃபாவைச் சேர்த்தால் 10. முதல் கூடுதலை இதனால் வகுப்பதே கெழு, ஆகவே 1.4. இப்போது எடையே இல்லாமல், மூன்றாவது வரியை நீக்கி இரண்டாவதை இருமுறை எழுதினால், மேலே 2 + 6 + 6, கீழே 1 + 4 + 4 + 1, மீண்டும் 1.4. நிரலில் யாராவது எடைகளின் கூடுதல் ஒன்றாகும்படி அவற்றை வகுத்துவிட்டால், மேலே 14இன் மூன்றிலொரு பங்கும் கீழே 3 + 1உம் வரும். கெழு சுமார் 1.167 ஆகிவிடும், சோதனை உடனே பிடித்துவிடும். எடைகளை முற்றிலும் மறந்துவிட்டால் 29ஐ 15ஆல் வகுத்து சுமார் 1.933 வரும், அதுவும் பிடிபடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆல்ஃபாவைப் பூஜ்யம் என்று வைத்து இதே சோதனையை எழுதியிருந்தால், வகுத்த எடைகளுக்கும் வகுக்காத எடைகளுக்கும் விடை ஒன்றே, 14இன் கீழ் 9. பிழை கண்ணில் படாமலே போயிருக்கும். ஆகவே சமநிலை விதியைத் தேர்ந்தெடுத்த பின், எந்த அளவுரு மதிப்பில் அந்த விதி மீறப்படுவது தெரியவரும் என்பதையும் யோசித்துத் தரவை அமைக்க வேண்டும். நிரலை வேண்டுமென்றே ஒருமுறை கெடுத்து, சோதனை சிவப்பாகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சரிசெய்வது, இதற்கு நான் அறிந்ததில் நம்பகமான வழி.

சாய்வை நீங்களே எழுதியிருந்தால், எண்முறை வகைக்கெழுவோடு ஒப்பிடுங்கள். அறிவியல் கணக்கீட்டு நூலகமான சைபையில் அதற்கென்று ஒரு செயற்கூறு இருக்கிறது, நீங்களே எழுதினாலும் சில வரிகள்தாம். இருபுறமும் நகர்ந்து கணக்கிடும் மைய வேறுபாட்டு முறையில், 64-பிட் எண்களுக்கு அடியளவு ஒரு மில்லியனில் சில பங்குகளாக இருப்பது நல்லது. அதைவிடச் சிறிதாக்கினால் துல்லியம் கூடும் என்று தோன்றும். உண்மையில் ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது வரும் முழுமையாக்கப் பிழை மேலோங்கி, விடை கெட்டுவிடும். 32-பிட் எண்களில் இந்த ஒப்பீட்டைச் செய்யாதீர்கள்.

ஓரங்களையும் தொட வேண்டும். சரியான வகைக்கு மாதிரி தரும் மதிப்பெண்ணை இசட் என்போம். லாஜிஸ்டிக் இழப்பை, மைனஸ் இசட்டின் அடுக்குக்குறிச் சார்போடு ஒன்றைக் கூட்டி மடக்கை எடுத்தல் என்று பாடநூலில் உள்ளபடியே நிரலாக்கினால், இசட் மைனஸ் 1000 ஆகும்போது அடுக்குக்குறிச் சார்பு முடிவிலிக்குப் போய்விடும். 64-பிட்டில் 709க்குச் சற்று மேலேயே அது நிகழ்கிறது, 32-பிட்டில் 88க்குச் சற்று மேலேயே. சரியான விடையோ 1000. மறுபக்கம், இசட் 40 ஆக இருந்தால் பாடநூல் முறை பூஜ்யம் தரும். உண்மையான மதிப்பு மிகச் சிறியதென்றாலும் பூஜ்யமல்ல. இந்த இரண்டு மதிப்புகளையும் சோதனையில் வைத்தால், அடுத்து யார் அந்தச் செயற்கூறை 'எளிமைப்படுத்தினாலும்' தெரிந்துவிடும்.

விடைக்கு இயல்பாகவே பல வடிவங்கள் இருக்கும் இடங்களில், வடிவத்தை ஒப்பிடாமல் பொருளை ஒப்பிடுங்கள். முதன்மைக் கூறுகளின் (தரவு மிகுதியாகப் பரவியிருக்கும் திசைகளின்) குறி நேராகவும் வரலாம், எதிராகவும் வரலாம். ஆகவே கூறுகளைக் கொண்டு மீட்டெடுத்த தரவை மூலத் தரவோடு ஒப்பிடுவதே முறை. தரவைக் குழுக்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் முதல் குழுவுக்கு 0 என்றும் பெயரிடலாம், 1 என்றும் பெயரிடலாம். இரண்டு குழுப்பிரிப்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்கும் சரிப்படுத்திய ராண்ட் குறியீடு 1 வருகிறதா என்று பார்த்தால் பெயர் மாறியது பொருட்டாகாது.

எண்களை ஒப்பிடும்போது சமக்குறியை நம்பக் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். அதே எண்களை வேறு வரிசையில் கூட்டினால் கடைசி இலக்கங்கள் மாறும். த்ரெட்களின் எண்ணிக்கை மாறினாலும், நேரியல் இயற்கணித நூலகமாக ஓப்பன்பிளாஸுக்குப் பதில் எம்கேஎல் இருந்தாலும் கூட்டும் வரிசை மாறும். சைகிட்-லேர்னின் உள் ஒப்பீட்டுக் கருவி, தரவின் வகையைப் பார்த்து ஏற்கத்தக்க ஒப்பீட்டு வேறுபாட்டைத் தானே தேர்கிறது: 64-பிட்டுக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு, 32-பிட்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எதிர்பார்க்கும் விடை பூஜ்யமாக இருந்தால் ஒப்பீட்டு வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. அங்கே விடையின் அளவைச் சாராத தனி வேறுபாட்டெல்லையைத் தவறாமல் கொடுங்கள். தோற்கும் சோதனையைப் பச்சையாக்க எல்லையைத் தளர்த்திக்கொண்டே போவதை மட்டும் செய்யாதீர்கள். எவ்வளவு வேறுபாடு வரும், ஏன் வரும் என்று ஒரு வரிக் குறிப்பு எழுத முடிந்தால் தளர்த்துங்கள். எழுத முடியவில்லையென்றால் நிரலைப் பாருங்கள்.

விதை எண்

சமவாய்ப்பு எண்களைப் பயன்படுத்தும் சோதனைக்கு 42 என்று விதை எண்ணைக் கொடுத்துவிட்டால் எப்போதும் ஒரே விடை வரும். அந்த வசதியிலேயே ஒரு குறை ஒளிந்திருக்கிறது: சோதனை 42க்கு மட்டும் தேறி, மற்ற எண்களுக்குத் தோற்கக்கூடியதாக இருக்கலாம். சைகிட்-லேர்ன் இதை ஒரு ஃபிக்ஸ்சரால் தீர்க்கிறது. அன்றாட ஓட்டத்தில் அது 42ஐயே தருகிறது. சூழல் மாறியில் 'ஆல்' என்று கொடுத்தால் 0 முதல் 99 வரை நூறு விதை எண்களுக்கும் சோதனை ஓடும். 'எனி' என்று கொடுத்தால் அவற்றில் ஏதோ ஒன்றைத் தேர்ந்து, எதைத் தேர்ந்தது என்பதை அறிக்கையின் தலைப்பில் அச்சிடும். புதிதாக எழுதிய சோதனையை அனுப்பும் முன் நூறு எண்களுக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தில்) கமிட் செய்தியில் (பதிந்த மாற்றத்தின் குறிப்பில்) உரிய குறியைச் சேர்த்து, எந்தெந்தச் சோதனைகள் என்று அடுத்தடுத்த வரிகளில் பெயர்களைக் கொடுத்தால், சி.ஐ. (ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) அதையே எல்லாக் கணினி வகைகளிலும் செய்து தரும்.

இந்தக் கண்டிப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு விதை எண்ணில் தோற்க நூற்றில் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ள சோதனை, நூறு எண்களில் ஒருமுறையேனும் தோற்க ஏறத்தாழ 63 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அத்தகைய சோதனைகள் சிலவே இருந்தாலும், விதை எண்ணை மாற்றி ஓட்டும் நாளெல்லாம் ஏதாவது ஒன்று சிவப்பாகும். பிறகு யாரும் சிவப்பைப் பொருட்படுத்த மாட்டார்கள். நூறில் ஒன்றிரண்டு எண்களுக்குத் தோற்றால், தரவைப் பெரிதாக்குங்கள், அல்லது குழுக்களை இன்னும் தள்ளி வையுங்கள், அல்லது சரிபார்க்கும் கூற்றையே மாற்றுங்கள். தேறும் எண்ணைத் தேடிப் பொறுக்கி எழுதாதீர்கள்.

எல்லோருக்கும் பொதுவான ஒப்பந்தம்

சைகிட்-லேர்னில் எஸ்டிமேட்டர் எதுவானாலும் சில விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். கட்டமைப்பான் அளவுருக்களைச் சேமித்துவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யக் கூடாது. ஒரே தரவில் இருமுறை ஃபிட் செய்தால் (பயிற்றுவித்தால்) விடை மாறக் கூடாது. ப்ரெடிக்ட் செய்வதால் (கணிப்பதால்) எஸ்டிமேட்டரின் நிலை மாறக் கூடாது. தரவில் மதிப்பில்லாத இடமோ முடிவிலியோ இருந்து, அதைக் கையாளத் தெரியாதென்றால் தெளிவான பிழைச் செய்தி தர வேண்டும். பிக்கிள் செய்து (பைட்களாகச் சேமித்து) மீட்ட பின்னும் அதே விடை வர வேண்டும். இவற்றை ஒவ்வொரு எஸ்டிமேட்டருக்கும் தனித்தனியே எழுதாமல், ஒரே இடத்தில் எழுதி எல்லாவற்றின் மீதும் ஓட்டுகிறார்கள். இந்த நூலகத்தின் சோதனை அமைப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். நாளை புதிதாகச் சேரும் எஸ்டிமேட்டர், யாரும் நினைவூட்டாமலே அந்தச் சோதனைகள் அனைத்துக்கும் உட்பட்டுவிடுகிறது.

வெளியே சொந்த எஸ்டிமேட்டர் எழுதுபவர்களுக்கும் 'செக் எஸ்டிமேட்டர்' என்ற செயற்கூறும், 0.22ஆம் பதிப்பில் வந்த 'பாராமெட்ரைஸ் வித் செக்ஸ்' என்ற அலங்கரிப்பானும் இதே சோதனைகளைத் திறந்துவிடுகின்றன. ஏதேனும் ஒரு விதியை உங்கள் முறையால் நிறைவேற்ற முடியாதென்றால், சோதனையை நீக்காமல், காரணத்தோடு 'எக்ஸ்ஃபெயில்' (எதிர்பார்த்த தோல்வி) என்று குறியுங்கள். கண்டிப்பு நிலையில் வைத்தால், பிற்காலத்தில் அது தேறத் தொடங்கும்போது பைடெஸ்ட் அதையும் தோல்வியாகக் காட்டி, குறியை எடுக்கச் சொல்லும்.

சி.ஐ. சிவப்பானால்

உங்கள் கணினியில் தேறியது சி.ஐ.யில் தோற்பது சாதாரணம். லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று பல தளங்களில், ஆதரிக்கும் மிகப் பழைய நம்பை (எண் அணிகளுக்கான நூலகம்), சைபை பதிப்புகளோடும் புதியவற்றோடும் அங்கே ஓட்டப்படுகிறது. இன்னும் வெளிவராத பதிப்புகளோடும் குறித்த நேரங்களில் ஓட்டிப் பார்ப்பது அவசியம். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, எண்களைத் திரையில் காட்டும் விதத்தை மாற்றியதால், ஆவணங்களில் உள்ள எடுத்துக்காட்டுகளைச் சோதிக்கும் டாக்டெஸ்ட்கள் பல நூலகங்களில் தோற்றன. முன்கூட்டியே ஓட்டியவர்களுக்கு அதைச் சரிசெய்ய நேரம் இருந்தது.

தோல்வியை ஆராயும்போது, அறிக்கையில் அச்சான விதை எண்ணை முதலில் உங்கள் கணினியில் வைத்து ஓட்டுங்கள். அப்போதும் தேறினால் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கியும், பிறகு கூட்டியும் பாருங்கள். அடுத்து, 'ஷோ வெர்ஷன்ஸ்' செயற்கூறு தரும் பட்டியலைச் சி.ஐ.யின் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தச் சார்பு நூலகம் வேறுபடுகிறது என்று பார்த்து, அதே பதிப்புகளோடு தனிச் சூழல் ஒன்றை உருவாக்குங்கள். முன்பு தேறிக்கொண்டிருந்தது இப்போது தோற்கிறதென்றால், கிட்டின் 'பைசெக்ட் ரன்' கட்டளைக்கு அந்த ஒரு சோதனையைக் கொடுத்துவிடுங்கள். ஆயிரம் கமிட்கள் இருந்தாலும் சுமார் பத்துப் படிகளில் காரணமான கமிட்டைக் காட்டிவிடும்.

காரணம் தெரிந்ததும், திருத்தத்துக்கு முன் சோதனையை எழுதுங்கள். திருத்தாத நிரலில் அது தோற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே திருத்தத்தைச் சேருங்கள். இது எந்தப் பிழைக்காக எழுதப்பட்டது என்பதையும் முறையீட்டு எண்ணையும் சோதனைக்கு மேலே ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டால், பிற்பாடு கோப்பைச் சுத்தம் செய்பவர் அதைத் தேவையற்றது என்று நீக்கிவிட மாட்டார். புதிய வசதியோடு வரும் நிரலில் ஏறத்தாழ 90 சதவீத வரிகளாவது சோதனையால் தொடப்பட வேண்டும் என்று சைகிட்-லேர்ன் எதிர்பார்க்கிறது. விடுபட்ட வரிகளைக் கவரேஜ் அறிக்கை காட்டும். அவை பெரும்பாலும் பிழைச் செய்தி தரும் கிளைகளாகவே இருக்கும். பைடெஸ்டின் 'ரெய்சஸ்' வசதியில், எந்த வகைப் பிழை என்பதோடு செய்தியின் வாசகத்தையும் பொருத்திப் பார்க்கும்படி எழுதினால் அந்தக் கிளைகளும் நிறைவாகிவிடும்.